கடை திறக்கும் முன்பே கட்டணமா? - வாசகர் கேள்வியும் பதிலும்

இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். 'தொழில் தொடங்குகிறவர் அதில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கும் முன்பே உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பது சரியில்லை' என்பதுதான் அந்த வரி. சொத்து வரி பற்றிய ஒரு பதிலின் கடைசியில் போகிற போக்கில் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் ஒரு நகராட்சியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் 14 ஆண்டுகள் உரிமப் பிரிவு. கட்டணத்தை வாங்கி ரசீது எழுதியது இந்தக் கைதான். இப்போது ஓய்வுபெற்று குமாரசாமிப்பேட்டையில் இருக்கிறேன்.

கேள்வி: வீட்டிலேயே மாங்காய் ஊறுகாயும் புளித்தொக்கும் போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறேன். கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர் மாதம் ஐம்பது பாட்டில் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். ஆனால் லேபிளில் லைசென்ஸ் நம்பர் வேண்டுமாம். அதை எடுத்துத் தர ஒருவர் 4,500 ரூபாய் கேட்கிறார். உண்மையில் அவ்வளவு ஆகுமா?
- ஒரு வாசகி, காரிமங்கலம்

பதில்: ஆகாது அம்மா. உங்கள் அளவு வியாபாரத்துக்கு உரிமமே தேவையில்லை, பதிவு போதும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது. அதன்கீழ் 2011இல் போட்ட உரிம விதிகளில், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை விற்பவர்களுக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு மேலே போகும்போதுதான் மாநில உரிமம், ஆண்டுக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை என்றார்கள். உங்களிடம் கேட்பவர் அந்தப் பெரிய கணக்கைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார் என்று நினைக்கிறேன். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் புகைப்படம், ஆதார், எந்த இடத்தில் என்ன தயாரிக்கிறீர்கள் என்ற விவரம், இவை கையில் இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்திலேயே முடித்துவிடலாம். கட்ட வேண்டிய தொகையைத் திரையில் நீங்களே பாருங்கள், பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணைத்தான் லேபிளில் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. நூறு ரூபாய்க் கட்டணத்துக்கு 4,500 கேட்க ஒருவருக்குத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? அது நூறு ரூபாய் என்பது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும், அதுதான். உரிமப் பிரிவில் இருந்தபோது ஒருமுறை, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு என்று ஒரு பெரிய அட்டையில் தடித்த எழுத்தில் எழுதி வாசல் பக்கம் மாட்டினேன். அதற்கு முன்பெல்லாம் என் மேசைக்கு நேராக வரும் பெண்கள் மிகவும் குறைவு, யாராவது ஓர் ஆள் நான்கைந்து பேருடைய காகிதத்தைச் சேர்த்துக் கொண்டுவருவார். அட்டை மாட்டிய பிறகு, மாவு அரைத்து விற்கும் அம்மா, பூக்கடை அம்மா, தையல்கடை வைக்கப்போகிற பெண் என்று தாங்களே வரத் தொடங்கினார்கள். முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்து, அட்டையில் பார்த்த தொகையைச் சரியாக எண்ணி வைப்பார்கள். சில வாரங்கள்தான். வெள்ளையடிக்கக் கழற்றிய அட்டை திரும்ப வரவில்லை. நான் எழுதிக் கேட்டும் வரவில்லை.

என் அம்மாவும் இட்லி விற்றவர்தான். எழுபதுகளில் ஒரு பேருந்து நிலையத்தின் வாசலில், காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார். உரிமம் எடுக்க எவ்வளவு ஆகும் என்று அவர் கடைசி வரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் நாம் உரிமம் இல்லாமல் விற்பது தெரிந்துபோகுமே என்ற பயம். காக்கிச் சட்டை தெரிந்தாலே குண்டானைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடுவார், பின்னால் நான் தட்டுகளோடு ஓடுவேன். ஒருநாள் சாம்பார் காலில் கொட்டி, அந்தத் தழும்பு அவருக்குச் சாகும்வரை இருந்தது. வேலையில் சேர்ந்த பிறகு பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆண்டுகளில் அந்த அளவு கடைக்கு இருந்த கட்டணம், அவருடைய இரண்டு நாள் வியாபாரத்துக்குக்கூட வராது.

கேள்வி: சலூன் வைத்திருக்கிறேன். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கட்டுகிறேன். அப்புறம் தொழில் உரிமக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்கள். ஒரே தொழிலுக்கு இரண்டு தடவையா?
- ஒரு வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பதில்: எத்தனையோ பேர் என் மேசை முன்னால் நின்று கேட்ட கேள்வி. இரண்டும் வேறு. தொழில் வரி நீங்கள் சம்பாதிப்பதற்கான வரி. வருமானத்துக்கு ஏற்ற அளவில் வாங்குகிறார்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது. 1988இல் திருத்தம் வரும்வரை அந்த வரம்பு 250 ரூபாயாகத்தான் இருந்தது. உரிமக் கட்டணம் என்பது உங்கள் கடையைப் பார்வையிட்டு, தண்ணீர் வசதி சரியா, கத்தியும் துண்டும் சுத்தமா, கழிவு எங்கே போகிறது என்று சோதித்து அனுமதி தருகிற வேலைக்கான கூலி மாதிரி.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொன்னது நம் சென்னை மாகாணத்தில் பிறந்த ஒரு வழக்குதான். 1951ஆம் ஆண்டு இந்து அறநிலையச் சட்டப்படி மடங்களிடமும் கோயில்களிடமும் வருமானத்தில் ஒரு பங்கை வாங்கினார்கள். உடுப்பி சிரூர் மடாதிபதி நீதிமன்றம் போனார். 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கட்டணம் என்றால் கட்டுகிறவருக்கு ஒரு சேவை நடக்க வேண்டும், அந்தச் சேவைக்கு ஆகும் செலவோடு தொகைக்குத் தொடர்பு இருக்க வேண்டும், அரசின் பொதுக் கஜானாவில் போய்க் கலந்துவிடுகிற பணம் கட்டணம் ஆகாது, அது வரி. பின்னால் வந்த தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தின. ஒழுங்குபடுத்துவதற்காக வாங்கும் உரிமக் கட்டணத்துக்கு ரூபாய்க்கு ரூபாய் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, தொகை அளவோடு இருந்தால் போதும் என்றார்கள்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தொழில் வரிக்கு வரம்பு இருக்கிறது. உரிமக் கட்டணத்துக்கு அப்படியொரு வரம்பை அரசியலமைப்பு வைக்கவில்லை. அதனால் வருமானம் போதாத உள்ளாட்சிகளுக்குக் கட்டணத்தை உயர்த்துவதுதான் சுலபமான வழியாகத் தெரியும். நிதிநிலை அறிக்கை தயாரிக்கும் மாதங்களில் 'உரிமத்தில் எவ்வளவு கூட்டலாம்?' என்று கேட்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 'சென்ற ஆண்டு எத்தனை கடைகளைப் பார்வையிட்டோம்?' என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஆள் பற்றாக்குறை என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் பார்வையிடாத ஆண்டில் முழுக் கட்டணம் எதற்கு? பார்வையிட்ட தேதியையும் பார்வையிட்டவர் கையெழுத்தையும் உரிமத்தின் பின்பக்கம் போட வேண்டும், அது இல்லாத ஆண்டுக்குப் பாதிக் கட்டணம்தான் என்று ஒரு விதி வரட்டும். கட்டணமும் குறையும், பார்வையிடலும் நடக்கும். உங்கள் வாடிக்கையாளருக்கும் அதுதான் நல்லது.

கேள்வி: என்னிடம் கார் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. குட்டி யானை வாங்கி ராயக்கோட்டை மண்டியிலிருந்து தக்காளி ஏற்ற நினைக்கிறேன். சரக்கு வண்டிக்குத் தனியாக அனுமதி எழுத வேண்டும், அதற்கு வேறு கட்டணம் என்கிறார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்புதான்.
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் (உங்களிடம் இருக்கும் கார் லைசென்ஸ் அதுதான்) வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்தது. குட்டி யானை அந்த எடைக்குள் நன்றாகவே அடங்கும். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி என்றால் விஷயம் வேறு, தக்காளிக்கு அந்தக் கவலை இல்லை. படிப்பைப் பற்றியும் யோசிக்காதீர்கள். சரக்கு வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019இலேயே எடுத்துவிட்டார்கள். வண்டிக்கான பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் வழக்கம்போல உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உரிமம் முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். 2016 டிசம்பரில் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் உரிமம் புதுப்பிக்க 200 ரூபாய் என்றும், காலம் கடந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,000 ரூபாய் கூடுதல் என்றும் வைத்தார்கள். மூலக் கட்டணத்தைப்போல ஐந்து மடங்கு. கால் உடைந்து படுத்திருந்தவரும், குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் தேதியை மறந்தவரும் இதில்தான் மாட்டுகிறார்கள். கட்டணத்தைக் குறைப்பது என்றால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இந்தத் தாமதக் கட்டணம். அது மூலக் கட்டணத்தைத் தாண்டவே கூடாது.

கேள்வி: நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டணம் என்பது ஒரு சல்லடை. அதைக் குறைத்தால் தகுதி இல்லாதவர்களெல்லாம் தொழிலுக்குள் வந்துவிடுவார்கள். அரசுக்கும் வருமானம் குறையும்.
- ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஊத்தங்கரை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன். சல்லடை வேண்டும். ஆனால் பணம் எதைச் சலிக்கும்? பணம் இல்லாதவரைத்தான் சலிக்கும். வேலை தெரியாதவரிடம் பணம் இருந்தால் அவர் உள்ளே வந்துவிடுவாரே.

மின் கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் கடகத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் எல்லோருக்கும் தெரிந்த இடம். அந்த மாதிரி நிலையங்களில்தான் இந்தத் தேர்வு நடக்கும். 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். தேர்வுக் கட்டணம் 200 ரூபாய். பாலக்கோடு பக்கம் ஒரு தம்பி, மேஸ்திரி ஒருவரிடம் எட்டு ஆண்டு எடுபிடியாக இருந்தவன், இந்தத் தேர்வு எழுதித் தேறினான். என் வீட்டில் மெயின் போர்டு மாற்றியது அவன்தான். எர்த் கம்பியைத் தொட்டுக் காட்டி, 'இது சரியாக இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சுவரே அடிக்கும் ஐயா' என்று விளக்கினான். 200 ரூபாய் என்பதால் அவன் வேலை மட்டமாகிவிடவில்லை. அது 5,000 ரூபாயாக இருந்திருந்தால் இன்னும் எடுபிடியாகவே இருந்திருப்பான், நம் வீடுகளுக்குச் சான்றிதழ் இல்லாமலே ஒயர் இழுத்திருப்பான். கட்டணம் உயரும் இடங்களில் எல்லாம் எனக்கு இருக்கும் பயம் இதுதான். ஆட்கள் தொழிலை விடுவதில்லை, உரிமத்தை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அவர்களைச் சோதிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

இன்னொன்று, வக்கீல் தொழில். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் மொத்தம் 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். ஆனால் பல மாநிலங்களில் நல நிதி, நூலகம், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து 15,000, 20,000 என்று போனது, சில இடங்களில் 40,000 ரூபாயையும் தாண்டியது. 2024 ஜூலை 30 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் எந்தப் பெயரிலும் பதிவுக்காக வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வசதியில்லாத குடும்பத்திலிருந்து வருகிறவருக்கு இந்தத் தொகையே தொழிலின் வாசலை அடைத்துவிடுகிறது, அது சமத்துவத்துக்கும் விரும்பிய தொழில் செய்யும் உரிமைக்கும் எதிரானது என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அது எனக்கு வருத்தம்தான். என் அக்கா மகள் அதற்கு முன்பு பதிவு செய்தவள். அவளுக்காக அக்கா கழுத்திலிருந்த நான்கு பவுன் அடகுக்குப் போனது, மீட்க இரண்டு வருடம் ஆனது. சட்டப் படிப்பு முடித்து, தேர்வில் தேறி, தகுதியெல்லாம் நிரூபித்த பிறகு வந்த செலவு அது. அந்தச் சல்லடை எதைச் சலித்தது என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா.

வருமானம் குறையும் என்கிறீர்கள். சிறு கட்டணங்களில் உள்ளே நடப்பது வெளியில் தெரியாது. 60 ரூபாய் உரிமம் ஒன்றுக்கு நான் ரசீது எழுதுவேன், சலான் போடுவேன், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டில் ஏற்றுவேன். கட்டாதவருக்கு நோட்டீஸ் அடிப்பேன், அதைக் கொடுக்க ஓர் ஆள் சைக்கிளில் போவார். ஆண்டு முடிந்ததும் தணிக்கையில் 'நிலுவை ஏன்?' என்று ஆட்சேபணை வரும், அதற்குப் பதில் எழுத இரண்டு நாள் போகும். இத்தனை பேர் சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள், அந்த அறுபதில் எதுவும் மிஞ்சாது. வருமானம் தரும் உரிமங்கள் பெரிய மண்டபம், தொழிற்சாலை, தங்கும் விடுதி வகையறாதான். அவற்றைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

கேள்வி: தையல் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய 300 ரூபாய் கேட்கிறார் எங்கள் தெரு ஆள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பர்கூர்

பதில்: வேண்டாம். வாரியப் பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் அரசுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: ஒகேனக்கல்லில் என் மாமா பரிசல் ஓட்டுகிறார். காவிரியில் தண்ணீர் கூடினால் வாரக்கணக்கில் பரிசலுக்குத் தடை. அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தானே உரிமத்துக்குக் கட்டியிருக்கிறார்? கழித்துத் தரக் கூடாதா?
- கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: கேட்க வேண்டிய கேள்வி தம்பி. தடை சரிதான், அதில் பேச்சே இல்லை. கர்நாடக அணைகளில் திறந்துவிடும் தண்ணீர் பாறைகளை மூடிக்கொண்டு வரும்போது பரிசல் போகக் கூடாது. ஆனால் அரசே நிறுத்தச் சொன்ன நாட்களுக்குப் பணம் வாங்கிக்கொள்வது நியாயம் இல்லை. திருப்பிக் கொடுப்பது சிக்கலான வேலை, எனக்குத் தெரியும். ஒரு பத்து ரூபாயைத் திருப்பித் தரவே கோப்பு ஐந்து மேசைக்குப் போகும். அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது: தடை இருந்த நாட்களை உரிமக் காலத்தோடு சேர்த்துவிடலாம். முன்னுதாரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1க்குப் பிறகு காலாவதியான ஓட்டுநர் உரிமங்களை மத்திய அரசு பலமுறை நீட்டித்து, 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்றது. நாடு முழுக்க அத்தனை ஓட்டுநர்களுக்குச் செய்ய முடிந்ததை, ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கு ஏன் செய்ய முடியாது? தடை போட்ட தேதியும் நீக்கிய தேதியும் மாவட்ட நிர்வாகத்தின் உத்தரவிலேயே இருக்கிறதே.

உயிர் காக்கும் உடுப்பு, பரிசலின் அடிப்பகுதிச் சோதனை, எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கணக்கு, இவற்றில் மட்டும் ஒரு பைசா குறைக்கச் சொல்ல மாட்டேன். அதற்கு ஆகும் செலவைக் கட்டணமாக வாங்கினாலும் மாமாவைக் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: உங்களிடம் அதிகாரம் இருந்தால் உரிமக் கட்டணத்தில் எந்த ஒரு மாற்றத்தைச் செய்வீர்கள்?
- ஒரு வாசகி, அரூர்

பதில்: முதல் ஆண்டுக் கட்டணத்தை முதல் ஆண்டில் வாங்க மாட்டேன். சிறு தொழில், ஒரே ஆள், சொந்தக் கை உழைப்பு என்றால், விண்ணப்பித்த அன்றே எண்ணைக் கொடுத்துவிட்டு, கட்டணத்தை அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலோடு சேர்த்து வாங்குவேன். கடை ஓடியிருந்தால் அவர் சந்தோஷமாகக் கட்டுவார். ஓடாமல் மூடியிருந்தால், நஷ்டப்பட்டவரிடம் வாங்கவேண்டிய பணமே அது இல்லை. ஊராட்சியோ நகராட்சியோ அந்த ஓராண்டு காத்திருப்பதால் தெருவிளக்கு எதுவும் அணைந்துவிடாது.

அதிகாரம் இல்லை, மனு எழுதத் தெரியும். முதல் ஆண்டு விலக்கு, தாமதக் கட்டணத்துக்கு வரம்பு, வாசலில் கட்டணப் பட்டியல், பரிசல் தடை நாட்கள், இந்த நான்கையும் இரண்டு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன். காரிமங்கலத்து அம்மாவும் பென்னாகரத்துத் தம்பியும் வர முடிந்தால் காலை ஒன்பதரைக்கு வாசல் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், சேர்ந்தே கொடுப்போம். மனு எண்ணை அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.